கார்முகில் விழுந்த நேரம்

செம்மணல்விளையில் தாண்டவமூர்த்தி என்று ஒரு கணியர். அவர் கணித்த பஞ்சாங்கம் அந்த வட்டாரத்தில் எல்லா வீட்டுச் சுவரிலும் ஆணியில் தொங்கும். கிரகணம் பிடிக்கும் நேரம், விடும் நேரம் இரண்டையும் முந்தின வருஷமே அச்சடித்துவிடுவார். சந்திரன் அதைப் படித்துவிட்டு வருவதுபோல் சரியாக வந்து நிற்கும்.

கல்யாண வீடுகளில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு, மேளக்காரர்களுக்குப் பக்கத்தில். கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அவர் விரல் உயர்ந்தால்தான் கெட்டிமேளம். அதற்கு முன்னால் அவசரப்பட்ட மாப்பிள்ளை அந்த ஊரில் இல்லை.

'தெரியாது' என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது.

அவருடைய ஒரே மகள் பூரணிக்கு ஆனி மாதத்தில் ஒரு புதன்கிழமை கல்யாணம். நாளும் நேரமும் அவரே குறித்தவை. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. இந்த லீவில் முடித்தாக வேண்டும். விட்டால் ஆடி வந்துவிடும், மாப்பிள்ளையும் கடலுக்குப் போய்விடுவார், பிறகு அடுத்த வருஷம்தான்.

அந்த வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை சம்பந்தி போனில் கூப்பிட்டார். சம்பந்தி சொரிமுத்து அரிசி மண்டி வைத்திருப்பவர்.

"கணியரே, டிவி பார்த்தியளா? கார்முகில்னு ஒரு சாட்டிலைட்டாம். மழை பார்க்க விட்டது. செத்துப்போய் வருஷக்கணக்கா சும்மா சுத்திக்கிட்டுக் கிடந்திருக்கு. இப்போ கட்டுப்பாடு இல்லாம கீழ விழுதாம். புதன்கிழமை வாக்குல விழும்ங்கான்."

"புதன்கிழமையா?"

"நீங்க குறிச்ச புதன்கிழமைதான். அது போற வழியில நம்ம ஊரும் இருக்காம். எந்த நேரம், எந்த இடம்னு கணிச்சுச் சொல்லுங்க. கிரகணத்தையே சொல்லுத ஆளுக்கு இது என்ன பெரிய காரியம்? இல்லைன்னா கல்யாணத்தைத் தள்ளி வைப்போம். ஊர் சனத்தைப் பந்தல்ல உக்கார வச்சுட்டு நான் ஆகாசத்தைப் பார்த்துக்கிட்டு நிக்க முடியாது."

"சொல்லிருவோம்" என்றார் கணியர். போனை வைத்த பிறகுதான் பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினார். அதில் ஒன்பது கிரகத்துக்கும் இடம் இருக்கிறது, கார்முகிலுக்கு இல்லை. பூரணி அடுப்படியிலிருந்து அப்பாவின் முகத்தை எட்டிப் பார்த்தாள்.  

வெள்ளிக்கிழமை காலை வெற்றிலை பாக்கு பழத் தட்டோடு கடற்கரை ராடார் நிலையத்துக்குப் போனார். வாசல் காவலர் வீட்டுச் சுவரிலும் அவர் பஞ்சாங்கம்தான் தொங்கியது. அதனால் உள்ளே போவது கஷ்டமாக இல்லை.

விழுகிற சாட்டிலைட்டுகளைக் கவனிக்கும் பொறுப்பு அங்கே டாக்டர் பியூலாவிடம் இருந்தது. கணியரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். கணியர் தட்டை மேசைமேல் வைத்தார்.

"எனக்கு ஒரு கணக்கு கத்துக் குடுக்கணும்மா. இது குருதட்சிணை."

பியூலா தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்து உரித்துத் தின்றார். "சீடர் உக்காருங்க."

கணியர் உட்கார்ந்தார். கதையைச் சொன்னார். சொல்லிவிட்டுக் கேட்டார்.

"எப்போம்மா விழும்?"

"செவ்வாய் காலையிலேர்ந்து வியாழன் ராத்திரிக்குள்ள."

கணியர் சிரித்துவிட்டார். "கோவிச்சுக்கிடாதிய. நூறு வருஷம் கழிச்சு வாற கிரகணத்தை நான் நிமிஷக் கணக்கா சொல்லுவேன். இது நீங்களே செஞ்சு, நீங்களே அனுப்பின பெட்டி. அடுத்த வாரம் விழப்போறதுக்கு மூணு நாளு இடம் கேக்குதிய."

"ஆமா ஐயா."

"ஏன்?"

பியூலா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நீங்க இங்கேர்ந்து எப்போ கிளம்புவிய?" என்று கேட்டார்.

"பத்தே காலுக்கு. பத்தரைக்கு ராகுகாலம்."

"சரி. காபி குடிக்கலாமா?"

காபி வந்தது. கார்முகில் முதன்முதலாக அனுப்பிய மேகப் படத்தைப் பியூலா காட்டினார். அதில் இருந்த புயல் கணியருக்கு ஞாபகம் இருந்தது. அந்தப் புயலில் அவர் வீட்டுக் கூரை போனது. அந்தக் கதையைச் சொன்னார். பக்கத்து அறைப் பையன் ஒருவன் வந்து தன் ஜாதகத்தில் கல்யாணம் இருக்கிறதா என்று கேட்டான். அவனுக்கு உட்கார்ந்து பதில் சொன்னார். பிறகு பியூலா டிபன் கேரியரைத் திறந்தார். உள்ளே சாளைப்புளிமுளம், மத்தி மீன் குழம்பு. அதை விட்டுவிட்டு எழுந்து போக மனிதனால் ஆகாது.

வாசலுக்கு வந்தபோது சூரியன் பனைகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

"பத்தே கால் ஆயிட்டுதா ஐயா?" என்றார் பியூலா.

கணியர் நெளிந்தார். "வந்த இடத்துல நாலு பேர் பேசும்போது எப்பிடிம்மா..."

"நிலா போற வழியில யாரும் இல்லை. அதான் சொன்ன நேரத்துக்கு வருது. கார்முகில் காத்தைத் தொட்டாச்சு."

கணியர் தலையாட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார். புரிந்தது. ஆனால் புரிந்தது தலைக்குத்தான், கை சும்மா இருக்கவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நிலையத்துக்குப் போய், கார்முகில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வந்தார். முதல் நாள் இறக்கம், மறுநாள் இறக்கம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்று திதிக் கணக்குப் போடுவதுபோல் போட்டார். விடை அழகாக வந்தது. செவ்வாய் மத்தியானம் உச்சிவேளை.

குருவிடம் காட்டக்கூட அவருக்குப் பொறுமை இல்லை. சம்பந்திக்குப் போன் போட்டார்.

"செவ்வாய் உச்சிக்கு விழுந்துரும். புதன் நமக்குச் சுத்தமா இருக்கு."

"அதுதான் கணியர்ங்கறது!" என்றார் சொரிமுத்து. அன்றைக்கு அரிசி மண்டிக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லி அனுப்பினார்.

திங்கட்கிழமை கணியர் தன் கணக்கைப் பியூலா முன்னால் விரித்தார். பியூலா அதை நிதானமாகப் பார்த்தார்.

"கணக்குல தப்பு இல்லை ஐயா."

"அப்போ சரிதானே?"

"நேத்து சூரியனோட கொதிப்பு கொஞ்சம் அடங்கியிருக்கு. அது அடங்கினா மேல இருக்கிற காத்து மெலிஞ்சுரும். பெட்டி தடுக்குப்படாம இன்னும் கொஞ்சம் ஓடும்."

"சூரியனுமா இதுல சேந்துக்கிட்டுது?"

"எல்லாரும் சேந்துதான் இறக்குதாவ."

கணியருக்கு எரிச்சல் வந்தது. "டிவிக்காரன் சரியாத்தான் சொல்லுதான். கட்டுப்பாடு இல்லாம விழுது."

"நம்ம கட்டுப்பாட்டுல இல்லை, அவ்வளவுதான். அதை நான்தான் கடைசியா அணைச்சேன். எரிபொருளை வெளிய விட்டு, பேட்டரியைக் காலி பண்ணி, பேச்சை நிறுத்தி. அன்னைக்கு அழுதேன். அதுக்கப்புறம் அது பாட்டுக்கு ஒழுங்காத்தான் போயிட்டு இருக்கு. அதுக்கு ஒரு குறையும் இல்லை."

செவ்வாய் உச்சிவேளை வந்தது, போனது. கார்முகில் விழவில்லை. சொரிமுத்துவின் போன் வந்தது. கணியர் எடுக்கவில்லை. வீட்டு வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது, வாழைமரம் கட்டியாகிவிட்டது, சொந்தக்காரர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பூரணி மருதாணிக் கையை விரித்து வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"அப்பா, கல்யாணம் உண்டா?"

 கணியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனார்.

"இப்போ என்னம்மா சொல்லுது?"

"நாளைக்கு விடியக்காலம் தொடங்கி மத்தியானத்துக்குள்ள."

"முகூர்த்தம் நடுவுல இருக்கே."

"ஆமா. இன்னும் மேல இருந்துச்சுன்னா, முகூர்த்த நேரத்துல ஒரு தடவை நம்ம ஊர்ப் பக்கமாத்தான் போகும்."

"நம்ம பந்தல்ல விழுமா விழாதா? ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அதைச் சம்பந்திகிட்டச் சொல்லிருதேன்."

"பூமி பெருசு ஐயா. அதுல முக்கால்வாசி கடல். பந்தல் சின்னது. பெட்டியில பாதிக்கு மேல எரிஞ்சுரும். ஆனா விழாதுன்னு நான் சொன்னா, அது எனக்குத் தெரியாததைச் சொன்ன மாதிரி."

"அப்போ நான் போயி என்ன சொல்ல?"

"தெரியாதுன்னு சொல்லுங்க."

"அம்மா, என் அப்பா சொன்னதில்லை. தாத்தா சொன்னதில்லை."

"அவுகளும் சொல்லியிருக்கலாம்" என்றார் பியூலா. "எத்தனை மணிக்கு இலை போடுவிய?"

கணியருக்கு விளங்கவில்லை. "எதுக்கு?"

"எனக்கு விடியக்காலத்தோட டியூட்டி முடியுது. பிறகு ராடாரை மத்தவங்க பாத்துக்கிடுவாங்க. நானும் வீட்டுக்காரரும் சாப்பிட வாறோம். ரெண்டு இலை சேர்த்துப் போடச் சொல்லுங்க."

 கணியர் சைக்கிளைச் சொரிமுத்துவின் மண்டிக்கு மிதித்தார்.

சொரிமுத்து மூட்டைகளுக்கு நடுவில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். "உச்சிக்கு விழும்னிய? மண்டிக்கு வாறவன் எல்லாம் என்னைக் கேலி பண்ணுதான். இப்போ எந்த நேரம்னு சொல்லப்போறிய?"

கணியர் வாயைத் திறந்தார். சொல் வெளியே வர மறுத்தது. மறுபடி திறந்தார்.

"தெரியாது."

சொரிமுத்து காதைத் தீட்டிக்கொண்டார். "என்னது?"

"எனக்குத் தெரியாது சம்பந்தி. அங்க இருக்கிற அம்மாவுக்கும் தெரியாது. நாளைக்கு விழும், எங்க விழும்னு யாருக்கும் தெரியாது. ஆனா அந்தப் பெட்டியை ராத்திரி பகலாப் பாத்துக்கிட்டு இருக்கிற அம்மா, வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு நம்ம பந்தல்ல வந்து சாப்பிடுதேன்னுட்டாவ. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். தள்ளி வைக்கணும்னா வைங்க. நான் பிள்ளைகிட்டச் சொல்லிக்கிடுதேன்."

கடைசி வாக்கியத்தில் அவர் குரல் உடைந்தது. மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

சொரிமுத்து மேசைமேல் இருந்த அரிசியில் ஒரு கை அள்ளி, விரலிடுக்கில் வழியவிட்டார். வியாபாரத்தில் யோசிக்கும்போது அவர் அப்படித்தான் செய்வார்.

"கணியரே, நீங்க முன்னால சொன்னதை எல்லாம் நான் பாதிதான் நம்புவேன். எல்லாம் தெரியும்ங்கிறவன்கிட்ட நான் அரிசி வாங்குறதில்லை. இன்னைக்குத்தான் உங்களை முழுசா நம்புதேன். நாள் நல்ல நாள்னு சொன்னியள்லா, அது தெரிஞ்சுதானே சொன்னிய?"

"அது தெரிஞ்சுதான் சொன்னேன்."

"பிறகு என்ன? மாப்பிள்ளை வீட்டு ஆளுக காலையில எட்டு மணிக்கு வந்துருவோம். இட்லி சூடா இருக்கணும்."

புதன்கிழமை காலை செம்மணல்விளையே பந்தலில் இருந்தது. வந்தவர்கள் முதலில் வானத்தை ஒருதரம் பார்த்தார்கள், பிறகு சந்தனத்தைப் பூசிக்கொண்டார்கள். பியூலா வெளிர்நீலப் பட்டுச்சேலையில் கணவரோடு வந்தார். கண்ணில் தூக்கம் சொக்கியது. யாரும் சொல்லாமலே முன்வரிசையில், பந்தல் நடுவில் போய் உட்கார்ந்தார். அதைப் பார்த்த பிறகு வானத்தைப் பார்ப்பவர்கள் குறைந்துபோனார்கள்.

பூரணி வந்து மணையில் உட்கார்ந்தாள். கணியர் வழக்கம்போல் மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் நின்றார். பூரணி தலையைத் தூக்கி, கூட்டத்தில் அப்பாவைத் தேடினாள். கண்டதும் சிரித்தாள். சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூட வாசலில் அவரைக் கண்டால் சிரிப்பாளே, அதே சிரிப்பு. கணியருக்குக் கண் நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை தாலியை எடுத்தார். நாதஸ்வரக்காரர் கணியரைப் பார்த்தார், தவில்காரர் கணியரைப் பார்த்தார். பிறகு அவர்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கெட்டிமேளத்தை முழக்கினார்கள். அரிசியும் பூவும் பறந்தன. சொரிமுத்துவும் அழுதுகொண்டிருந்தார், ஆனால் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

முதல் பந்தியில் குருவுக்குப் பக்கத்து இலையில் சீடர் உட்கார்ந்தார். சாம்பார் முடிந்து ரசம் வரும் நேரத்தில் பியூலாவின் போன் அடித்தது. கேட்டுவிட்டு வைத்தார்.

"விழுந்துட்டுது ஐயா."

"எங்கம்மா?"

"அட்லாண்டிக் கடல்ல எங்கேயோ. தென் அமெரிக்காப் பக்கம் கடைசியாப் பாத்திருக்காவ. பிறகு இங்க நம்ம ராடார் காத்துக்கிட்டு இருந்துச்சு. வரவேண்டிய நேரத்துக்கு வரலை. அதை வச்சுத்தான் விழுந்துட்டுதுன்னு தெரியும்."

கணியர் இலைமேல் கும்பிடுவதுபோல் குனிந்தார். மழையைப் பார்த்துச் சொன்ன பெட்டி, யாரையும் தொடாமல் தண்ணீரிலேயே போய்ச் சேர்ந்தது அவருக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் பழக்கம் யாரை விட்டது?

"அடுத்த வருஷப் பஞ்சாங்கத்துல ஒரு வரி போடணும்மா. இப்பவாவது சரியாச் சொல்லுங்க. எத்தனை மணிக்கு விழுந்துச்சு?"

பியூலா ரசத்துக்குச் சோற்றைக் குழித்துக்கொண்டே கேட்டார்.

"பூரணிக்குத் தாலி கட்டினது எத்தனை மணிக்கு ஐயா?"

கணியர் வாயைத் திறந்தார். இடது உள்ளங்கையைப் பார்த்தார். கடிகாரம் மணிக்கட்டிலேயே இருந்தது.

வாயை மூடிக்கொண்டு, ரசத்துக்குக் குழித்தார்.