சாகாத டிஸ்க்

கல்லங்காட்டுக் குடிலில் பெரியையா இருந்தவரை பேசிக்கொண்டே இருந்தார். அவருடைய சீடர் தில்லைநாயகம் அத்தனையையும் கேசட்டில் பிடித்து வைத்தார்.

ஐயா சமாதியான பிறகு கேசட்டுகளில் பூஞ்சை ஏறியது. தில்லைநாயகம் ஒவ்வொன்றாகத் துடைத்து, ஓடவிட்டு, கணினிக்கு மாற்றி, ஒரே ஹார்ட் டிஸ்கில் சேர்த்தார். அதற்கே சில வருடங்கள் ஆயின. முடித்த கையோடு ஒரு காரியம் செய்தார். பழசாகிப்போன சாமி படங்களை ஆற்றில் விடுவார்களே, அதுபோல எல்லாக் கேசட்டுகளையும் மஞ்சள் துணியில் கட்டி, சூடம் காட்டி, கொள்ளிடத்தில் விட்டுவிட்டார். குப்பையில் போட அவருக்கு மனம் வரவில்லை. வீட்டில் வைத்திருக்கலாமே என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

ஆக, பெரியையாவின் குரல் இந்த உலகத்தில் அந்த ஒரு டிஸ்கில்தான் இருந்தது. பங்குனியில் அந்த டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது.

சேதி கேட்டு அன்பர் ஒருவர் ஒரு பெட்டி வாங்கித் தந்தார். நான்கு டிஸ்குகளைப் போட்டு வைக்கும் பெட்டி. குடிலின் எந்த அறையிலிருந்தும் வைஃபையில் கேட்டுக்கொள்ளலாம். ஒரு டிஸ்க் செத்தால் மற்ற மூன்றும் சேர்ந்து அதிலிருந்ததைத் திருப்பி எழுதிக் கொடுத்துவிடும். இரண்டு சேர்ந்தாற்போல் செத்தால் எல்லாம் போய்விடும். பெட்டி வெறும் பெட்டியாகத்தான் வந்தது. டிஸ்குகளைத் தேர்ந்தெடுத்து வாங்க வேண்டியது தில்லைநாயகம்.

அவர் அதை லேசில் விடுகிற ஆள் இல்லை. பெரியையா போனபோது அவர் குழந்தைபோல அழுதவர். அந்தக் குரலையும் பறிகொடுத்தால் தாங்க மாட்டோம் என்று அவருக்குத் தெரியும். இணையத்தில் ஒருவர் நல்லது என்று எழுதிய டிஸ்கை இன்னொருவர் ஆறே மாதத்தில் படுத்துவிட்டது என்று எழுதியிருந்தார். தில்லைநாயகம் இருவரையும் நம்பினார். அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது? வைகாசி பிறந்தும் பெட்டி காலியாகவே கிடந்தது.

குடிலை இப்போது நடத்துபவர் உமையாள். தில்லைநாயகத்தைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். குடிலுக்கு வந்ததும் அவருக்குப் பிறகுதான். ஆனாலும் பெரியையா தன் இடத்தை உமையாளுக்குத்தான் கொடுத்துவிட்டுப் போனார். தில்லைநாயகம் அன்றே விழுந்து கும்பிட்டு அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டார். அதில் அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை.

ஒரு நாள் அவரிடமே போய்க் கேட்டார்.

"அம்மா, எந்த டிஸ்க் சாகாது?"

"இப்ப இருக்கறது என்ன பண்ணுது?"

"டிக் டிக்குனு சத்தம் போடுதும்மா."

"எப்பலேருந்து?"

"நான் தேட ஆரம்பிச்சதிலேருந்து."

தில்லைநாயகத்துக்கு முகம் சுருங்கிவிட்டது.

அடுத்த வளர்பிறை முகூர்த்தத்தில் திருச்சிக்குப் போனார். வாங்குவதென்று வந்தபிறகு அதைச் சாதாரணமாகவா செய்வார்? இருப்பதிலேயே பேர்பெற்ற கம்பெனி, ஒரே அட்டைப்பெட்டியில் வந்த நான்கு, அதுவும் அடுத்தடுத்த எண்கள். கடைக்காரரைக் குடோன்வரை ஓடவைத்து, உழவு மாட்டுக்கு ஜோடி பார்ப்பதுபோலப் பார்த்து வாங்கினார். குடிலுக்கு வந்து, மறுநாள் காலை நான்குக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, தாம்பாளத்தில் வைத்து உமையாள் முன் நீட்டினார்.

"எல்லாம் ஒண்ணுபோலவே இருக்கே" என்றார் உமையாள்.

அதைத்தான் எதிர்பார்த்திருந்தார் தில்லைநாயகம். ஒரே ஆலை, ஒரே நாள், ஒரே கை செய்தது, கூடப்பிறந்த நாலு பேர் மாதிரி என்று மூச்சுவிடாமல் சொன்னார். ஒன்றுக்கு இருக்கிற பலம் நான்குக்கும் உண்டு என்றார்.

உமையாள் தாம்பாளத்தை வாங்கி ஓரமாக வைத்தார். ஒரு சொம்பில் நல்லெண்ணெய் ஊற்றிக் கையில் கொடுத்தார். மலைமேல் எல்லையம்மனுக்கு ஒரு விளக்குப் போட்டுவிட்டு வந்து டிஸ்குகளைப் பெட்டியில் போடுங்கள் என்றார்.

தில்லைநாயகம் சந்தோஷமாகக் கிளம்பினார். வெள்ளிக்கிழமை. மலைக்குப் போகிற வழியெல்லாம் பொங்கல் பானையும் கையுமாக வெளியூர்ப் பெண்கள். மேலே போய்ப் பார்த்தால் கோயில் பூட்டியிருந்தது. சிலர் வாசலிலேயே தேங்காயை உடைத்துவிட்டு இறங்கினார்கள். நேர்ந்துகொண்டு வந்த ஒருத்தி மட்டும், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

அவளிடம் விசாரித்தார். பூசாரிகளின் பெரியப்பா ஒருவர் முந்தின நாள் இறந்துவிட்டாராம். கருமாதி முடிகிறவரை தீட்டு. அந்தக் கோயிலில் பூசை செய்யும் பாத்தியதை அந்த ஒரு குடும்பத்துக்குத்தான்.

"நாலு பேர் இருந்து என்னங்க? நாலு பேரும் பங்காளி" என்றாள் அவள். "ஒரு சாவுக்கு நாலு பேரும் வெளியில நிக்கறாங்க."

முந்தின நாள் சாவு மேளம் குடில் வரைக்கும் கேட்டிருந்தது. குடிலில் எல்லோரும் கேட்டார்கள். தில்லைநாயகம் அப்போது கடைக்காரரோடு எண் பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்ணெய்ச் சொம்போடு திரும்பி வந்தார்.

"விளக்கு ஏத்தலையா?"

"கோயில் பூட்டியிருக்கும்மா. தீட்டு."

"பூசாரிங்க எத்தனை பேரு?"

"நாலு பேரு."

"ஒழுங்கானவங்கதானே?"

"தங்கமானவங்க. நேரம் தவற மாட்டாங்க. ஆனா நாலு பேரும் ஒரே..."

அவர் கண் தாம்பாளத்துக்குப் போனது. உமையாள் அவர் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாளே தில்லைநாயகம் திருச்சிக் கடையில் நின்றார். ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றைத் திருப்பிக் கொடுத்தார். ஒரே பெட்டியில் வேண்டும் என்று உயிரை எடுத்தது நீங்கள்தானே என்று கடைக்காரர் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டே அலுத்துக்கொண்டார். தில்லைநாயகம் வேறொரு கம்பெனியுடையது ஒன்றை அங்கேயே வாங்கினார். தஞ்சாவூரில் ஒன்று, கும்பகோணத்தில் ஒன்று. நான்கும் நான்கு விதமாக இருந்தன. பார்க்க அவருக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை.

பழைய டிஸ்கிலிருந்து பேச்சுகளை இறக்கும்போது, காய்ச்சல்காரர் பக்கத்தில் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தார். பெரும்பாலானவை நல்லபடியாக வந்தன. சில பாதியில் அறுந்தன. மழை வராத ஒரு வருடம் ஐயா பொறுமையைப் பற்றிப் பேசிய பேச்சு வரவே இல்லை. பங்குனியிலேயே செய்திருந்தால் வந்திருக்கும். தில்லைநாயகம் மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதார். மறுநாள் பழைய டிஸ்க் சத்தம் போடுவதையும் நிறுத்திவிட்டது.

அதற்குப் பிறகு அவர் ஆளே மாறிப்போனார். சாகாத டிஸ்க் எது என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை. எல்லாவற்றையும் இன்னொரு பிரதி எடுத்து, கோயம்புத்தூரில் ஓர் அன்பர் வீட்டில் கொடுத்து வைத்தார். ஒன்றில் மட்டும் பழைய பிடிவாதம் போகவில்லை. கண்டவர் கை பட்டால் கெட்டுப்போகும் என்று பெட்டி இருக்கிற அறையைப் பூட்டியே வைத்திருந்தார். பாஸ்வேர்டையும் யாருக்கும் சொல்லவில்லை. யாராவது பேச்சு கேட்க வந்தால் அவர்தான் திறந்து போட்டுக் காட்டுவார்.

கார்த்திகையில் நான்கில் ஒன்று செத்தது. இருந்ததிலேயே விலை கூடியது அதுதான். தில்லைநாயகம் பதறவில்லை. அதைக் கழற்றிப் புதியது ஒன்றை மாட்டினார். மற்ற மூன்றும் இரவு பகலாக எழுதி அதை நிரப்பின. ஒரு வார்த்தைகூடத் தொலையவில்லை.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. வீங்கிய கன்னத்தோடு உமையாளைத் தேடிப் போனார். உமையாள் கொல்லையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். தில்லைநாயகம் நடந்ததை எல்லாம் சொல்லி முடித்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இனிமே எது செத்தாலும் ஐயா குரல் ஒரு நாளும் நிக்காதும்மா."

"நேத்து நின்னுச்சே" என்றார் உமையாள்.

தில்லைநாயகம் அறைக்கு ஓடினார். பூட்டைத் திறந்து பார்த்தார். நான்கு விளக்கும் பச்சையாக எரிந்தன. ஒரு பேச்சைப் போட்டுக் கேட்டார். கணீரென்று வந்தது. மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"நாலும் நல்லா ஓடுதும்மா. எது நின்னுச்சு?"

உமையாள் உரித்த மொச்சையை முறத்தில் போட்டார்.

"அதெல்லாம் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. அரியலூர்லேருந்து ஒரு அம்மா, ஐயா பேச்சைக் கேக்கணும்னு வந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தாங்க. நீங்க பல்லு பிடுங்கப் போயிருந்தீங்க."