சும்மா நின்ற வரி

ரங்கராசுவுக்கு நாற்பத்தேழு வயது. மில்களில் மின்பலகை பழுதுபார்த்தே இருபது வருஷம் ஓட்டியவர், அப்புறம்தான் கெர்னல் என்கிற, கம்ப்யூட்டரை அடியிலிருந்து இயக்கும் நிரலைப் பழக வந்தார். கற்றுக்கொடுத்த நசீமாவுக்கு முப்பத்திரண்டு. நோயாளிக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்பு செய்கிற கம்பெனியில் இருவருக்கும் வேலை, பீளமேட்டில். ரங்கராசு நல்ல மனுஷர்தான். ஆனால் எதிராளி கேள்வியை முடிக்கும் முன்பே இவர் பதிலில் பாதி தூரம் போயிருப்பார். என்ன செய்வது, பிறவிக் குணம்.

ஒரு வியாழக்கிழமை காலை நசீமாவின் மேஜை முன்னால் வந்து நின்றார்.

“ஒரு சந்தேகமுங்க மேடம். அதே போர்டு, அதே கிரிஸ்டல். இருபது தடவை அணைச்சுப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் கெர்னல் வேற எண் சொல்லுது. அதெப்படிங்க?”

அந்த எண் லேசுப்பட்டதல்ல. போர்டுக்கு மின்சாரம் வந்ததும் கிரிஸ்டல் போடும் தாளத்துக்குப் பிராசசர் துடிக்க ஆரம்பித்துவிடும். எவ்வளவு வேகத்தில் என்று கெர்னலுக்குத் தெரியாது. பக்கத்தில் மெதுவாகத் தட்டுகிற டைமர் ஒன்று இருக்கிறது, அதன் வேகம் தெரியும். டைமர் நாலு தட்டுத் தட்டுவதற்குள் பிராசசர் எத்தனை தடவை துடித்தது என்று கெர்னல் எண்ணி வைத்துக்கொள்ளும். மறுபடி அணைக்கும் வரை அதுதான் அதற்குக் கடிகாரம். எண் குறைந்தால் அதன் நிமிஷமும் குறுகும், மருந்து வேகமாக ஏறும்.

“எண் கூடுதா, குறையுதா?” என்றார் நசீமா.

“குறையத்தான் செய்யுதுங்க. ஒரு தடவைகூடக் கூடலை. அதான் பயமா இருக்குங்க.”

பயப்படாமல் என்ன செய்வார்? பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் அமலோற்பவம் என்ற நர்ஸ், பம்பு சில நாள் வேகமாக ஓடுகிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார். ரங்கராசு நேரில் போனார். ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்தார். சரியாக ஓடியது. ‘பம்பில் குறை இல்லை, எண்ணியவர் தவறு’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார். அந்தக் காகிதத்தைக் காட்டி மருத்துவமனைக்காரர்கள் அந்தம்மாவிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். நாளைக்கு விசாரணை. வேலை போனாலும் போகும்.

நசீமா எழுந்தார். சோதனைக்கு வைத்திருந்த ஸ்டாண்டில் ஒரு சலைன் பாட்டிலை மாட்டி, கீழே வாளியை வைத்து, டியூபைத் திறந்துவிட்டார்.

“ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் எத்தனை செகண்டுன்னு பார்த்துச் சொல்லுங்கண்ணா. ம், ஆரம்பிங்க.”

ரங்கராசு செல்போனில் ஸ்டாப்வாட்சை அமுக்கினார். சொட்டு விழுந்தது, நிறுத்தினார்.

“ஒண்ணே கால்.”

“இன்னொரு தடவை. ஆரம்பிங்க.”

“ரெண்டே முக்கால்.”

“மறுபடி.”

“அரைதானுங்க! என்ன மேடம், டியூபு கிடுபு அடைச்சுக்கிச்சா?”

“சொட்டு மாறுதான்னு பாருங்க.”

ரங்கராசு பார்த்தார். கையில் செல்போன் இருப்பதையே மறந்து பார்த்தார். சொட்டு ஊறி, கனத்து, விழுந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கு யாருடைய ‘ஆரம்பிங்க’வும் காதில் விழவில்லை.

“நீங்க சொன்ன உடனே அமுக்கிட்டேனுங்க,” என்றார் மெதுவாக. “அப்பவே சொட்டு பாதி ஊறியிருந்தது.”

இந்தத் தடவை ஒரு சொட்டை விழவிட்டார். அது விழுந்த கணத்தில் அமுக்கினார். அடுத்தது விழுந்ததும் நிறுத்தினார். மூன்று செகண்டு. மறுபடி மூன்று. அஞ்சாவது தடவையும் மூன்று.

“அடக் கடவுளே!” என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“என்னண்ணா?”

“கெர்னல் கோடுல, எண்ணறதுக்கு முன்னாடி ஒரு வரி இருந்துச்சுங்க. டைமர் ஒரு தட்டுத் தட்டற வரைக்கும் காத்திருன்னு. வேற ஒரு வேலையும் செய்யாது. சும்மா நிக்குது, பூட் ஆக நேரமாகுதுன்னு நான்தான் அதைத் தூக்கிட்டேன்.”

நசீமா ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ரங்கராசு போய் அந்த வரியைப் பழைய இடத்தில் வைத்தார். இருபது தடவை அணைத்துப் போட்டார். இருபது தடவையும் ஒரே எண்.

திரும்பி வந்தபோது முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

“இந்தச் சொட்டு வித்தையை எங்க படிச்சீங்க மேடம்?”

நசீமா ஒரு காகிதத்தை மேஜைமேல் நகர்த்தினார். அமலோற்பவம் எழுதிய புகார்.

“இது நான் படிச்சதுதானுங்களே.”

“எங்கேர்ந்து படிச்சீங்க?”

“நடுவுல ஒரு கட்டம் போட்டு எண்ணெல்லாம் எழுதியிருந்தாங்க. அதுலேர்ந்து.”

“முதல் வரியைப் படிங்க.”

ரங்கராசு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

“‘ஒரு சொட்டு விழும்வரை காத்திருந்து, அது விழுந்ததிலிருந்து எண்ணினேன்.’”

அதே வரியை முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார். ஸ்டாண்டில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

“நேத்து சாயங்காலம்தான் இது என் கைக்கு வந்துச்சு,” என்றார் நசீமா. “அப்பவே நம்ம பம்பையெல்லாம் நிறுத்தச் சொல்லிட்டேன். சிஸ்டரை மட்டும் இன்னும் யாரும் கூப்பிடலை.”

“நான் எழுதினது தப்புன்னு நானே கையெழுத்துப் போட்டு அனுப்பறேனுங்க. அதுக்கு முன்னாடி அவங்ககிட்ட பேசிடறேன்.”

செல்போனில் எண்ணைத் தேடி எடுத்து அமுக்கினார். மணி அடித்தது. இந்தப் பக்கம் ரங்கராசுவின் வாய் அதற்குள் அசைய ஆரம்பித்துவிட்டது.

நசீமா அவர் கையைத் தொட்டார்.

“அவங்க முதல்ல பேசி முடிக்கட்டும்ண்ணா. அப்புறம் நீங்க ஆரம்பிங்க.”