மாடத்தி அடிச்ச மணி

ஒரு ஊர்ல ஒரு உப்பளம். குடிக்கத் தண்ணி கேட்டு அங்க ஒரு ஊர்வலம். நீளம்னா அப்படி ஒரு நீளம்! முன்னாடி பறையும் மணியுமா தலைவர் ஆவுடையப்பன். கடைசியில பிள்ளைகளும் வயசானவங்களும், அவங்ககிட்டயும் ஒரு பறை. நடுவுல, முன்னாடி அடிக்கிறதைப் பின்னாடிக்குத் திருப்பி அடிக்க, இன்னொரு பறை, இன்னொரு மணியோட மாடத்தி. அவ மக சந்தனமாரி கடைசியில வர்றா. கேட்டா ம் சொல்லணும், கேக்குறியா? ம்.

பேசி வச்ச அடையாளம் இதுதான். பறை மட்டும் வெறும் "டம்"முன்னா, வா. மணியும் சேர்ந்து "டம்-கிணி"ன்னா, நில்லு, மேட்டுல ஏறு.

அப்போ ஊர்வலத்தைக் கலைக்க, உப்பள முதலாளி ஆளுங்க கரையை வெட்டி விட்டுட்டாங்க. கடல் தண்ணி சளசளன்னு பள்ளத்துல பாயுது. கடைசிக் கூட்டம் அந்தப் பள்ளத்துக்குத்தான் வருது! ஆவுடையப்பன் அடிச்சார்: டம்-கிணி! டம்-கிணி!

டம் தடியன், எவ்வளவு தூரமும் நடப்பான். கிணி மெலிஞ்சவ. மாடத்தி காதுக்கே கொசு மாதிரிதான் வந்தா. அவ திருப்பி அடிச்சும் கடைசிக்குப் போனது வெறும் டம். அவங்களும் பதிலுக்கு அடிச்சாங்க: டம். வர்றோம்!

ஓடிப் போய்ச் சொல்லலாமேம்ப. தண்ணி முந்திக்கும்டா.

"என் அடி கேக்காமப் போகுமா?"ன்னு ஆவுடையப்பன் ரெண்டையும் ஓங்கி அடிச்சார். டம்தான் பெருத்துது. பின்னாலேருந்து: டம். வர்றோம்!

அப்புறம் மாடத்தி பக்கத்துல நின்ன இசக்கி, "தகரத்தையும் தட்டுங்கடி!"ன்னா. தடதட, கடகட. சேதியோட இரைச்சலும் பெருசாச்சு. பின்னாலேருந்து: டம். இன்னும் வர்றாங்க!

மாடத்தி கையைத் தூக்கினா. "நிறுத்துங்கடி!"

"நிறுத்திட்டு?"ன்னா இசக்கி.

"போற வழி எதைத் தின்னுதோ, அதை இங்கேயே கூடுதலாக் குடுத்து அனுப்பணும். அந்தத் தடியன் டம்முக்கு எதுக்குத் தீனி?"

பறையை விரலால மெல்லத் தட்டினா. மணியை ரெண்டு கையாலயும் உதறினா. டம்-கிணீஈஈ!

பதில் இல்ல. வெறும் டம் கூட இல்ல. மாடத்தி எக்கிப் பார்த்தா.

அப்புறம்... தூரத்து உப்பு மேட்டு மேல ஒரு தலை. சந்தனமாரி! அவ பின்னாலேயே கடைசிக் கூட்டம் மொத்தமும். கிட்ட வந்ததும் வராததுமா, "ஏம்மா, இதை முதல்லயே அடிச்சா என்ன?"

"வாடி இங்க, வாயாடி!"ன்னு மாடத்தி அவளை இறுக்கிக்கிட்டா.

அப்புறம் ஊருக்குக் குடிதண்ணிக் குழாய் வந்துச்சு. குழாயடிக் கல்லுல ஆவுடையப்பன் பேரு. நடுவுல நின்னவளை யாரு பாக்குறா?

நம்ம டிவிக்கு வர்ற நீள வயர்லயும் இதே சங்கதிதான். சேதி வேகமா ஓட ஓட, படபடன்னு மாறுற மெல்லிசுப் பங்குதான், நம்ம கிணி மாதிரி, வழியில முதல்ல இளைக்கும். நடுவுல இருக்கிற குட்டிப் பெட்டி, இளைச்சதைத் தூக்கி விடும். இன்னிக்கு நீ அதைப் புடுங்கினதும் படம் புள்ளி புள்ளியாப் போச்சுல்ல? காலையில நீயே மாட்டு. அதான் மாடத்திக்கு மரியாதை.

என்ன, ம் சொல்லல? சரி. கதை மேடேறிருச்சு, நீ தூங்கு.