முதல் திருநீறு

குலசாமி கோயில் கொடைத் திருவிழா பாதியில் இருக்கும்போதே, பலவேசம் காலையில் மடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். மடத்து அம்மை அவரைவிட வயதில் இளையவர். இருந்தாலும் பலவேசத்துக்குக் குரு அவர்தான்.

"என்ன அண்ணாச்சி, கொடையை விட்டுட்டு?"

"நேத்து சாமி என் மேல வரல. என் மக மேல வந்துட்டு."

சொல்லும்போதே பல்லைக் கடித்தார். தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டு ஆண்பிள்ளைகள் மேல்தான் சாமி இறங்கும். மகள் முத்துப்பேச்சியோ, இந்த ஊரும் வேண்டாம் சாமியும் வேண்டாம் என்று அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பெங்களூரு வேலைக்குப் போனவள். லீவில் வந்தவளைப் பிடித்துக்கொண்டது சாமி. அதற்கும் இந்தக் காலத்துப் பிள்ளைகளைத்தான் பிடிக்கிறது போலும்.

"வயிறு எரியுதும்மா. பெத்த பிள்ளையப் பாத்து எரியுது. ஊர்ல என்னச் சாமியாடின்னுதான் கூப்பிடுவாங்க. இனி நான் யாரு?"

அம்மை பூக்கட்டிக்கொண்டிருந்தார். பலவேசம் அருகில் நகர்ந்து கேட்டார்.

"அவ மேல வந்தது நெசமாவே சாமிதானா? இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. ஊரு கேக்கும்."

"புதுசா ஒருத்தர் மேல சாமி வந்தா, முதல் திருநீறு யாரு வாங்கணும்?"

"பழைய சாமியாடி. நான் வாங்கினாத்தான் ஊரு அவள ஏத்துக்கிடும்."

"வாங்குனியளா?"

பலவேசம் தரையைப் பார்த்தார். "இல்ல. திருநீறோட என் முன்னால வந்து நின்னா. நான் மூஞ்சியத் திருப்பிட்டு வந்துட்டேன்."

"நீங்க முதமுதல்ல ஆடினப்போ உங்க அப்பா வாங்கினாரா?"

"வாங்கினாருன்னு எல்லாரும் சொல்லுவாங்க."

"அப்போ அவரு முகம் எப்படி இருந்துது?"

"எனக்கெப்படித் தெரியும்? சாமி வந்து நிக்கவனுக்கு எதிர நிக்கது யாருன்னே தெரியாதே."

அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. குரல் இறங்கிவிட்டது.

"அந்தக் கொடைக்கப்புறம் ரொம்ப நாளு அப்பா என்கிட்டப் பேசல. ஏன்னு நானும் கேக்கல."

அம்மை கட்டிய பூவை அவர் கையில் வைத்தார்.

"நேத்து நீங்க மூஞ்சியத் திருப்பினது முத்துப்பேச்சிக்குத் தெரியாது, அண்ணாச்சி. மதியக் கொடையில சாமி திரும்ப அவ மேல வரும். இன்னும் மேளம் கொட்டல."