இரண்டு மில்லி ஓட்டை

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு அறுபத்தொன்று. குரு சீடரை 'சார்' என்று அழைப்பார். சீடர் குருவை 'அம்மிணி' என்பார். எந்த மடத்திலும் இப்படி ஒரு வழக்கம் கிடையாது என்பதை நானும் அறிவேன். ஆனால் ஒண்டிப்புதூரில், மரகதத்தின் வீட்டு மொட்டைமாடியில் இதுதான் நடந்தது.

மரகதம் மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்றில் குழாய்களுக்குப் பித்தளை வைத்துப் பற்றவைப்பவர். ஓய்வு நேரத்தில், ஓட்டுகிறவரின் உடம்புக்கு அளவெடுத்து எஃகுக் குழாயில் சைக்கிள் செய்வார். வருஷத்துக்கு இரண்டு. மூன்றாவது ஆள் வந்தால் அடுத்த வருஷம் வரச் சொல்வார்.

திருமூர்த்தி சார் முப்பத்தொரு வருஷம் இயற்பியல் நடத்தி, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். அவர் சைக்கிள் கேட்டு வரவில்லை. செய்யக் கற்றுக்கொள்ள வந்தார். காரணம் அவருடைய மனைவி சுலோச்சனா.

சுலோச்சனாவின் உயரம் நாலடி பத்தங்குலம். அவர் தெருப் பெண்கள் ஞாயிறு காலையில் சிங்காநல்லூர் குளம் வரை சைக்கிளில் போய்வருவார்கள். ஒருநாள் வாசலில் நின்று அவரையும் கூப்பிட்டார்கள். "என்ற உயரத்துக்கு எந்தக் கடையில சைக்கிள் இருக்குது?" என்று அவர் சொன்னது, உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த சாரின் காதில் விழுந்தது. அன்று மாலையே சார் தாளும் பென்சிலும் எடுத்துவிட்டார். சுலோச்சனா தன் அளவுக்குச் செய்த சைக்கிளில் ஏறிக் குளத்துக்குப் போய்த் திரும்பிவர வேண்டும். சாருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"அவங்களைக் கேட்டீங்களா சார்?" என்று மரகதம் முதல் நாளே கேட்டார்.

சார் ஆறு நிமிஷம் பதில் சொன்னார். குழாயின் தடிமன், இருக்கையின் சாய்வு, எடை எங்கே எவ்வளவு விழும், எல்லாம் அதில் இருந்தன. 'கேட்டேன்' என்ற சொல் மட்டும் இல்லை.

மரகதம் மறுபடி கேட்கவில்லை.

வேலை சாரின் வீட்டுக் கார் ஷெட்டில் நடந்தது. கார் இல்லாத ஷெட். எங்காவது சிக்கிக்கொண்டால் மட்டும் ஃப்ரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் குருவிடம் வருவார். கண்டக்டர்கள் பழகிவிட்டார்கள். ஒருவர் மட்டும், சக்கரம் எங்கே என்று ஒவ்வொரு தடவையும் விசாரிப்பார்.

ஏழாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் மாடியேறி வந்தார். முகம் சரியில்லை.

"அம்மிணி, இது துப்புது."

பின்சக்கரத்தின் இரு பக்கமும் இரண்டு ஒல்லிக் குழாய்கள் இறங்கும். அவற்றுக்கு நடுவே விரல் நீளத்தில் ஒரு சின்னக் குழாய், பாலம்போலக் குறுக்கே நிற்கும். பிரேக் அதில்தான் மாட்ட வேண்டும். மொத்த ஃப்ரேமிலும் கடைசியாக வைப்பது அது.

"எந்த முனைங்க சார்?"

"வலது முனை. இடது அருமையா ஒட்டிருச்சு. வலது பக்கம் பித்தளை உருகி, சுத்தி வந்து, சேரப்போற நேரத்துல ஒரு கொப்புளம் வருது. டப்புனு வெடிக்குது. அடைச்சா மறுபடி வெடிக்குது. நாலு தடவை ஆச்சு."

"எதனாலங்க?"

"பத்தவைக்கறப்ப தூவற வெங்காரம் மட்டம். பித்தளைக் கம்பியில கலப்படம். காத்துல ஈரம். சிலிண்டர்ல கேஸ் கம்மி." சற்று யோசித்து, "குழாய் செஞ்சவனும் சரியில்லை" என்று சேர்த்தார்.

"இருக்கலாமுங்க. நான் வடை போடப் போறேன். அந்த டின்னுல இருந்து வாணலிக்குக் கொஞ்சம் எண்ணெய் ஊத்துங்க சார்."

டின் புதிது. மூலையில் ஆணியால் ஒரே ஓர் ஓட்டை போட்டிருந்தது. சார் சாய்த்தார். வரவில்லை. இன்னும் சாய்த்தார். 'களக்' என்று கொஞ்சம் வந்தது, நின்றது, மறுபடி 'களக்' என்று வந்து சாரின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது.

"என்ன அம்மிணி, ஒரே ஓட்டையா போட்டு வெச்சிருக்கறீங்க?"

"ஊத்தறதுக்கு ஒண்ணு போதாதுங்களா?"

"எப்படிப் போதும்? எண்ணெய் வெளிய வரணும்னா காத்து உள்ள போகணும். ரெண்டுக்கும் ஒரே வழின்னா முட்டிக்கும். அதுதான் துப்புது." சாரின் குரல் வகுப்பறைக் குரலாகிவிட்டது. "இதாவது பரவாயில்லை. ரெண்டு பக்கமும் மூடி வெச்சுட்டு சூடு பண்ணிப் பாருங்க. உள்ள இருக்கற காத்து விரியும். விரிஞ்சா எங்க இளக்கமா இருக்குதோ அங்க பிச்சுக்கிட்டு..."

நிறுத்தினார். டின் கையில் சாய்ந்தபடியே இருந்தது. எண்ணெய் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

சார் திரும்பி, சுவரில் சாய்த்து வைத்திருந்த ஃப்ரேமைப் பார்த்தார்.

"ரெண்டு முனையும் மூடிட்டேன்" என்றார்.

"ஆமாங்க."

"உள்ள காத்து மாட்டிக்கிச்சு."

"டின்னுக்கு முதல்ல போடுங்க சார். வாணலி காயுது." மரகதம் ஆணியையும் சுத்தியலையும் நீட்டினார்.

டின்னுக்குப் போட்டாயிற்று. பாலத்துக்குப் போடும்போது சார் தயங்கினார்.

"புதுக் குழாயில ஓட்டையா? மழைத் தண்ணி உள்ள போகுமே?"

"போகும். வரும்."

பாலத்தின் அடியில் இரண்டு மில்லி ஓட்டை ஒன்று விழுந்தது. சார் தீயை வைத்தார். பித்தளை உருகியது. மஞ்சளாக ஒரு வளையம் போட்டு வந்து, தன் வாலைத் தானே தொட்டு, சத்தமில்லாமல் படுத்தது.

வடை தின்னும்போது சார் கேட்டார்: "முப்பத்தொரு வருஷம் இதைத்தானே நடத்தினேன்? படம் போட்டு, பாகம் குறிச்சு. எப்படி எனக்குத் தெரியாமப் போச்சு?"

மரகதம் அடுத்த வடையைத் தட்டி எண்ணெயில் விட்டார்.

"அம்மாவை அளவெடுத்த கதையை இன்னொரு தடவை சொல்லுங்க சார்."

சாருக்கு அது பிடித்த கதை. ஏற்கெனவே மூன்று தடவை சொல்லியிருந்தார்.

"செருப்பில்லாம சுவத்தோரமா நிக்க வெச்சேன். மட்டப்பலகை வெச்சு கால் உள்ளளவு எடுத்தேன். அவ சும்மா நிக்கல. நடுவுல நடுவுல 'ஏனுங்க, ஏனுங்க'ன்னா. பேசினா மூச்சு அசையும். மூச்சு அசைஞ்சா அளவு அசையும். 'வாயை மூடிட்டு நில்லு'ன்னுட்டேன். மூணு தடவை எடுத்தேன். மூணு தடவையும் அறுபத்தேழு புள்ளி நாலு சென்டிமீட்டர்."

"என்ன சொல்ல வந்தாங்க?"

"யாரு?"

"அம்மாதானுங்க. 'ஏனுங்க'ன்னாங்களே. அதுக்கு அப்புறம்?"

சார் யோசித்தார். "பால்காரன் விஷயமா இருக்கும்."

மரகதம் நாலு வடையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

"அவங்களுக்கு. ஆறிப்போறதுக்குள்ள போங்க சார்."

அடுத்த ஞாயிறு சார் மறுபடி வந்தார். மறுபடி தோளில் ஃப்ரேம். மூச்சு வாங்கியது. உட்கார்ந்ததும் சொன்னார்.

"கேட்டேன்."

"ம்."

"முக்கால் மணி நேரம் பேசினா."

"என்னன்னுங்க?"

"அவளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதாம்."

மரகதம் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க, திரும்பி நின்று கொஞ்ச நேரம் எதையோ தேட வேண்டியிருந்தது.

"கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷம் ஆச்சு, அம்மிணி! அன்னைக்கு வாசல்ல அந்தப் பொம்பளைங்களைச் சமாளிக்கறதுக்குத்தான் அப்படிச் சொன்னாளாம். நான் அதைப் போயி..." அவர் கை ஃப்ரேமைக் காட்டியது.

"அப்ப சைக்கிள் வேண்டாங்கறாங்களா?"

"வேணுங்கறா. கத்துக்கறேங்கறா. இவ்வளவு நாளா யாரும் கேக்கலை, நானும் சொல்லலைங்கறா. உக்காந்தா ரெண்டு காலும் முழுசாத் தரையில ஊணணுமாம். அப்பத்தான் பயமில்லையாம்."

மரகதம் சாக்பீஸ் எடுத்து ஃப்ரேமில் நாலு இடத்தில் கோடு போட்டார்.

"சீட்டு பத்து சென்டிமீட்டர் இறங்கணும். நாலு இணைப்பைப் பிரிச்சு வைக்கணும்."

"அளவுல தப்பில்லை" என்றார் சார், கொஞ்சம் கௌரவத்தோடு.

"இல்லைங்க. அளவு சரிதான்."

"அந்தப் பாலம்?"

"அது நிக்கட்டும்."

சார் ரம்பத்தை எடுத்தார். ஏழு மாத வேலையை அறுக்க உட்கார்ந்தவரின் முகம் அப்படி இருக்கக் கூடாது. சூடான வடை தின்றவர் முகம்போல இருந்தது.

"யாருங்க கத்துக்கொடுக்கறது?" என்று மரகதம் கேட்டார்.

"நான்தான். கேரியரைப் புடிச்சுக்கிட்டுப் பின்னாலயே ஓடி வரணுமாம்."

"அவ்வளவுதானுங்களா?"

"இன்னொரு கண்டிஷனும் போட்டிருக்கறா. அளவெடுத்தன்னைக்கு நான் அவளுக்குப் போட்டதேதான்."

"என்னங்க சார் அது?"

திருமூர்த்தி சார் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். சாக்பீஸ் கோட்டின் மேல் ரம்பத்தை வைத்து, தன்பாட்டுக்கு அறுக்க ஆரம்பித்தார்.