உறைந்த ஏரியில் நடந்த கரடி

பனிமலை அடிவாரத்தில் கருமலை என்றொரு கரடி இருந்தது. குளிர்காலம் முழுக்கக் குகையில் தூங்குவது அதன் வழக்கம். ஆனால் அந்த வருஷம் குளிர் சரியாக இறங்கவே இல்லை. தை மாதத்திலேயே இளவெயில் குகைக்குள் எட்டிப் பார்க்க, கரடிக்கு அரைத்தூக்கத்தில் விழிப்பு வந்துவிட்டது.

வயிறு காய்ந்தது. ஏரியின் அக்கரையில், கிளையிலேயே வற்றிப்போன காட்டுப்பழங்களின் மணம் காற்றில் மிதந்து வந்தது. கனவா நனவா என்று தெரியாமல் கரடி மணம் வந்த திசையில் நடந்தது.

ஏரி உறைந்து கிடந்தது. மேலே மூடுபனி. வானம் எங்கே முடிகிறது, ஏரி எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

கரையோரப் பொந்திலிருந்து ஒரு நீர்நாய் தலையை நீட்டியது. அதன் பெயர் நழுவி. ஏரியின் நடுவே, அடியில் ஓடை ஓடுகிறது, அங்கே பனிக்கட்டி மிகவும் மெல்லியது, கரையைச் சுற்றிப் போவதே நல்லது என்று சொல்லிப் பார்த்தது.

“போன வருஷம் இதன்மேல் நடந்துதான் குகைக்கு வந்தேன். தாங்கியதே” என்றது கரடி, கொட்டாவி விட்டபடி.

“அது போன வருஷத்துப் பனி, அண்ணே. அது உருகி எப்போதோ ஓடிப்போய்விட்டது.”

கரடி கேட்கவில்லை. பஞ்சின்மேல் நடப்பதுபோல் சுகமாக இருந்தது. வெள்ளையாக இருந்த தரை போகப் போகச் சாம்பல் நிறமானது. காலுக்கடியில் குமிழிகள் மெல்ல நகர்ந்தன. அதையும் கனவென்றே எண்ணிக்கொண்டது. எங்கோ யாரோ சுள்ளி ஒடிப்பதுபோல் ஒரு சத்தம். மறுகணம் கழுத்தளவு தண்ணீர்.

தூக்கம் பறந்துவிட்டது. மூச்சு அடைத்தது. முன்னால் இருந்த விளிம்பைப் பற்றியது. அது உடைந்து கையோடு வந்தது. இன்னொரு முறை பற்றியது, அதுவும் உடைந்தது. பழத்தின் நினைவே போய்விட்டது. இங்கேயே முடிந்துவிடுவோம் என்ற பயம்தான் இருந்தது.

பக்கத்தில் தண்ணீருக்குள்ளிருந்து நீர்நாய் தலை தூக்கியது. “முன்னால் போகாதே அண்ணே, வந்த பக்கம் திரும்பு! இதுவரை உன்னைத் தாங்கிய பனி அங்கேதான் இருக்கிறது. காலை உதைத்து மேலே ஏறு. ஏறியதும் எழுந்து நிற்காதே, படுத்தே உருண்டு வா.”

கரடி திரும்பியது. பின்னங்கால்களை உதைத்து, வயிற்றால் வழுக்கி மேலே வந்தது. உடம்பைப் பரப்பி உருண்டது. பனிக்கட்டி முனகியது, ஆனால் உடையவில்லை. முதுகில் புல் உரசிய பிறகுதான் எழுந்து நின்றது.

வெகுநேரம் வெயிலில் நடுங்கிக் கிடந்தது. நழுவியும் பக்கத்திலேயே இருந்தது. உரோமம் காய்ந்ததும் கரடி கரை வழியாகவே சுற்றி நடந்தது. அக்கரை சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வற்றிய பழங்களை நிதானமாகத் தின்றுவிட்டு, ஒரு மரப்பொந்தில் சுருண்டு தூங்கிப்போனது.

முன்பு தாங்கியது என்பதற்காக ஒன்று இன்றும் தாங்கும் என்று நம்பிவிடக் கூடாது. இன்று அது எப்படி இருக்கிறது என்று பார்த்தே காலை வைக்க வேண்டும்.