ஒரு பாட்டில் மருந்தும் மூன்று சோயாக் காடுகளும்

கதை முடிவில் வரும் கேள்விக்கு விடை சொல்ல ஆசைப்படுகிறவர்கள் இலைகளை உற்றுப் பார்த்துக்கொண்டே இந்தக் கதையைக் கேட்க வேண்டும். மனிதர்களை மட்டும் பார்த்தால் வழுக்கி விழுந்துவிடுவீர்கள்.

உடுமலைப் பக்கத்து ஊர் ஒன்றில் சோயா போட்டவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். குழுவின் மருந்துகளுக்கு வேலாத்தாள்தான் பொறுப்பு. பயிர் நோய்ப் பயிற்சிக்கு அந்த ஊரிலிருந்து அவள் ஒருத்திதான் போய்வந்தவள். மற்றவர்கள், அங்கே சாப்பாடு சரியிருக்காது என்று போகாமல் இருந்துவிட்டார்கள்.

புரட்டாசிக் கடைசியில் இலைகளில் புள்ளி விழுந்தது. குழுவிடம் பூஞ்சாண மருந்து ஒரே ஒரு பாட்டில்தான் மிச்சம். ஒரு ஏக்கருக்குத்தான் காணும். டவுன் கடையிலும் சரக்கு இல்லை. சாயங்காலம் அடைமழை பிடிக்கும் என்று வானொலியில் சொல்லிவிட்டார்கள். பிடித்தால் ஒரு வாரத்துக்குக் காட்டில் கால் வைக்க முடியாது. காலையிலேயே அடித்தால்தான் மருந்து காய்ந்து இலையில் நிற்கும். மூன்று பேர் காட்டில் புள்ளி இருந்தது. வேலாத்தாள் மூன்றையும் நடந்து பார்த்தாள்.

முதல் காடு அவள் அண்ணன் சென்னியப்பனுடையது. மூன்றில் பார்க்க மோசம் அதுதான். முன்கூட்டியே விதைத்த பயிர். காய்கள் முற்றிப் பழுப்பேறியிருந்தன. அடியிலைகளில் ஆரம்பித்த பழுப்புப் புள்ளி பாதிச் செடி வரை ஏறி, இலைகள் மஞ்சளாகிக் கொட்டிக்கொண்டிருந்தன.

அடுத்தது தெய்வசிகாமணியின் காடு, இளம் பயிர். போன வாரம் சூறைக்காற்றோடு அடித்த மழையில் இலைகள் கிழிந்திருந்தன. புள்ளிகள் நரம்புகளுக்கு நடுவே கோணல்மாணலாக, தண்ணீர் கோத்ததுபோல் இருந்தன. சுற்றிலும் மஞ்சள் வளையம்.

மூன்றாவது வேலாத்தாளின் காடு. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைப் பசேல் என்று கண்ணுக்குக் குளிர்ச்சி. பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கிற சமயம். கொழுந்தை ஒட்டிய இலைகளில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வட்டப் புள்ளிகள்: நடுவே சாம்பல் நிறம், ஓரத்தில் கருஞ்சிவப்புக் கோடு. இலையைத் திருப்பினால் புள்ளியின் அடியில் சாம்பல் பூத்திருந்தது. பயிற்சியில் இதைத் தவளைக்கண் என்று காட்டியிருந்தார்கள். அந்த வருஷம் அவளுக்கு வேறு வெள்ளாமை கிடையாது.

மூவரும் மருந்து அறை முன்னால் நின்றார்கள்.

"ஏம்புள்ள, நின்னு ரோசன பண்ணீட்டிருக்கிற? எங்காடு சுடுகாடு மாதிரிக் கெடக்குது. எடுத்து அடி" என்றார் சென்னியப்பன்.

"உங்குளுது முத்திப்போச்சுங்க மாமா. எம்பட பயிரு இன்னும் பச்சக் கொழந்த" என்றார் தெய்வசிகாமணி. பிறகு அவரே இறங்கிவந்து, "சண்டயே வேண்டாமுங்க. தண்ணி சேத்திக் கலக்கி ரெண்டு காட்டுக்கும் அடிச்சுப்போடலாம்" என்றார்.

"அளவு கொறஞ்சா ஒருத்தருக்கும் கேக்காதுங்க" என்றாள் வேலாத்தாள். தன் காட்டிலும் புள்ளி இருப்பதைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

சென்னியப்பன் முகம் மாறிவிட்டது. "அந்தக் காடே நாங் குடுத்தது. சாவி கைல இருக்குதுன்னு உனக்கே அடிச்சுக்குவயா?"

அவர் சொன்னது பொய்யில்லை. புருஷன் இறந்து அவள் திக்கற்று நின்றபோது, தன் பங்கிலிருந்து ஒரு ஏக்கரைப் பிரித்து எழுதிக்கொடுத்தவர் அவர்தான். வேலாத்தாளுக்குக் கண் கலங்கியது. மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கேட்டவர்களே, சொல்லுங்கள். நன்றியை நினைத்தால் அண்ணன் காடு. சின்னப் பயிர் என்றால் தெய்வசிகாமணி காடு. பொறுப்பில் இருப்பவள் தனக்கே எடுத்துக்கொண்டால் ஊர் என்ன பேசும்? அந்த மருந்து யார் காட்டுக்குப் போவது சரி?

விடை: வேலாத்தாள் காட்டுக்கே. சென்னியப்பன் பயிரில் காய் முற்றிவிட்டது. இனி இலை இருந்தாலும் கொட்டினாலும் ஒன்றுதான். தெய்வசிகாமணி காட்டில் இருந்தது பாக்டீரியா. பூஞ்சாண மருந்துக்கு அது அசையாது. ஈரத்தில் காட்டுக்குள் நடந்து அதைப் பரப்பாமல் இருப்பதுதான் அவர் செய்யக்கூடியது. பூஞ்சாணம் கொழுந்தில் தொற்றி, பிஞ்சு பிடிக்கும் வேளையில் பரவுவதற்கு மழைக்குக் காத்திருந்தது ஒரே ஒரு காட்டில்தான். அவள் அழுதுகொண்டே தன் காட்டுக்கு அடித்தாள். அந்தப் பூஞ்சாணம் சருகிலும் விதையிலும் தங்கும் என்பதால் அடுத்த போகத்துக்குச் சோளம் விதைத்தாள். மழை விட்டதும் சென்னியப்பன் அறுத்தார். விளைச்சலில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் தீபாவளிச் சீர் கொண்டு அவர் வரவில்லை. கோபம் தீர்ந்துவிட்டது, அடுத்தவர் முன்னால் கொடுத்ததைச் சொல்லிக்காட்டிய வெட்கம் தீரவில்லை. அது புரிந்ததும் வேலாத்தாளே போய் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.